மேற்கே கரடு

1998ஆம் ஆண்டின் பாக்கெட் டைரியில், ஜூன் 11 வியாழக்கிழமைப் பக்கத்தில், பென்சிலால் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

“மேடு: ஏர் ஏறும். திட்டு: மண்வெட்டி ஏறும், மனசு வைத்தால் அள்ளிவிடலாம். கரடு: ஆடு மட்டும் ஏறும். கல்லாங்குத்து: பார்க்க மேடாகவே இருக்காது, ஆனால் கடப்பாரை இறங்காது. சொன்னவர் ரைட்டரம்மா. செட்டிகுளம் ரோடு, பகல் 12 மணி, கடும் வெயில்.”

ரைட்டரம்மா என்பது அவர் பெயரில்லை. எங்கள் ஊர்ப் பத்திரப்பதிவு அலுவலகத்தைச் சுற்றி உரிமம் பெற்ற பத்திர எழுத்தர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களில் பெண் இவர் ஒருவர்தான். மற்ற எட்டுப் பேரையும் பெயர் சொல்லி அழைத்த ஊர், இவரை மட்டும் தொழிலைச் சொல்லி அழைத்தது. பெயர் எனக்குத் தெரியும். எத்தனையோ பத்திரங்களின் அடியில் உரிம எண்ணோடு நானே அதை அடித்திருக்கிறேன். இங்கே எழுதப்போவதில்லை. பின்னால் சொல்லப்போகும் வழக்குக்குரிய கிராமத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன். வேப்பந்தட்டைக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்தை நோக்கிப் போகும் வழியில் என்பது போதும். வாரிசுகள் அங்கேயே இருக்கிறார்கள்.

நான் அந்த அலுவலகத்துக்கு எதிரே தட்டச்சுப் பயிலகம் நடத்திவந்தேன். காலையிலும் மாலையிலும் மாணவர்கள் வருவார்கள். நடுப்பகலில் இயந்திரங்கள் சும்மா கிடக்கும், அப்போது பத்திரங்கள் அடிப்பேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரைட்டரம்மாவின் அறை. அவர் கையால் எழுதிய வரைவு தடுப்புக்கு மேலாக வரும். முத்திரைத்தாளில் அடித்து அதே வழியில் திருப்பித் தருவேன். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது, எனக்கு முப்பத்தைந்து.

அந்த ஜூன் 11 அன்று பாடாலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி அரை ஏக்கர் விற்க வந்திருந்தார். வாங்குபவரும் கூடவே இருந்தார். நான்கு எல்லை சொல்லும்போது விவசாயி, “வடக்க மேடுங்க” என்றார்.

“என்ன மேடு?”

“மேடுதாம்மா. மேடுன்னா மேடு.”

“அதுல ஏர் ஓட்டுவீங்களா?”

“அதுல எங்க ஓட்டறது, பூராக் கல்லு.”

“அப்ப அது மேடு இல்லைங்களே. வாங்க, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துருவோம்.”

“ஏம்மா, ஒன்றரைக்கு ராகுகாலம் வந்துரும்மா.”

“அதுக்குள்ள வந்துரலாம்,” என்றவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, வண்டிய எடுங்க.”

வாசலில் புங்கமரத்து நிழலில் மேசை போட்டிருந்த மற்ற எழுத்தர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “ரைட்டரம்மா, இன்னிக்கு எந்த மலை?” இன்னொருவர் விவசாயியைப் பார்த்து, “பத்திரம் எழுத வந்தியா, கிரிவலம் சுத்த வந்தியா?” என்றார்.

“நீங்களும் வாங்கண்ணே,” என்றார் ரைட்டரம்மா. “உக்காந்தே இருந்தா நீங்களே திட்டாயிருவீங்க.”

நிலத்துக்குப் போனதும் அவர் செய்ததை அதற்கு முன்பும் பின்பும் பலமுறை பார்த்திருக்கிறேன். மேட்டின் அடியில் செருப்பைக் கழற்றினார். சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு உச்சிவரை ஏறினார். அங்கே நின்று வலது குதிகாலால் இரண்டு முறை ஓங்கி மிதித்தார். பத்தடி தள்ளிப் போய் மறுபடி இரண்டு மிதி. முகம் சுளித்தது. “கரடுதான்” என்றார். பிறகுதான், இறங்கி வரும்போது, டைரியில் இருக்கிற அந்த நான்கையும் சொன்னார். சொல்லிக்கொடுக்கும் குரலில் சொல்லவில்லை. பெட்டிக்குள் சாமான் சரியாக இருக்கிறதா என்று தனக்குத்தானே எண்ணிப் பார்ப்பவர்போலச் சொன்னார்.

விவசாயிக்குப் பொறுக்கவில்லை. “ஒரு வார்த்தைக்கு எதுக்கும்மா இம்புட்டு?”

“இவரு பேரன் வந்து பாக்கறப்பவும் அது அங்கயே இருக்கணும்ல,” என்று வாங்குபவரைக் காட்டினார். வடக்கே கரடு என்று எழுதி, ராகுகாலத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் பதிவு முடிந்தது.

அவர் எப்போதும் இப்படி இருந்தவரில்லை. 1997க்கு முன்னால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். பதினோரு மணித் தேநீருக்குள் மூன்று பத்திரம் முடிப்பார். அவரைவிட வேகமாக எழுதியவர் அந்த வட்டாரத்தில் இல்லை. இன்னொரு பெருமையும் இருந்தது. தாய்ப் பத்திரம் என்று சொல்லப்படும் பழைய மூலப் பத்திரங்களில் இருக்கிற சொற்களை அப்படியே ஈயடித்து எழுதமாட்டார். ‘ஷை’ என்றிருந்தால் ‘மேற்படி’ என்று மாற்றுவார். பாரசீகச் சொற்களைக் களைவார். “படிக்கறவங்களுக்குப் புரியணும் தம்பி. தாத்தா காலத்து வார்த்தைய எதுக்குக் கட்டி அழுவறது?” என்பார். எனக்கும் அது பிடித்திருந்தது. ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் சமம் என்று அகராதி படிக்கிறவன் எளிதில் நம்பிவிடுகிறான். நான் வைத்திருந்த அகராதியில் திட்டுக்கும் மேடு என்று பொருள் போட்டிருந்தது, கரடுக்கும் மேடு என்று போட்டிருந்தது.

அவர் பிறந்தது அரியலூர்ப் பக்கம், திருமானூருக்குத் தெற்கே கொள்ளிடக் கரையோரம். மணலும் வண்டலும் உள்ள சமதளம். கல் என்று ஒன்றை அம்மியாகத்தான் பார்த்திருப்பார்கள். “எங்க ஊர்ல வெள்ளம் வந்தா மாட்ட ஓட்டிக்கிட்டுப்போயி நிறுத்தற எடந்தான் திட்டு. அதுக்கு மேல ஒசரமே எங்களுக்குத் தெரியாது,” என்று ஒருமுறை சொன்னார். கல்யாணமாகி பெரம்பலூர்ப் பக்கம் வந்தபோது மலையைப் பார்த்துத் தலை சுற்றியதாம். கணவர் பத்திர எழுத்தர். அவர் இறந்தபின் இவர் தேர்வு எழுதி உரிமம் வாங்கினார். இவ்வளவுதான் அவருடைய வாழ்க்கை வரலாறாக எனக்குத் தெரிந்தது. மீதியை அவர் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை.

1996 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை. அன்று அடித்த பத்திரங்களில் ஒன்று பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக இருந்த புஞ்சை நிலம். தம்பி ஆறு மாதம் முன்பு இறந்துபோயிருந்தார். அவருடைய மனைவிக்குக் கிழக்குப் பாதி, அண்ணனுக்கு மேற்குப் பாதி. உட்பிரிவு செய்து அளக்காத நிலம் என்பதால் ஏக்கர் கணக்கு தோராயம்தான். அப்படிப்பட்ட பத்திரத்தில் எல்லைதான் பேசும். அந்தப் பெண்ணின் பாகத்துக்கு நான் அடித்த வரி: ‘மேற்கே திட்டு’.

தாய்ப் பத்திரத்தில், இரண்டு பாதிக்கும் நடுவே இருந்த அந்த இடத்துக்கு ‘கரடு’ என்றிருந்தது.

அதன் விலை என்ன என்று பதினைந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. 1997 மே 19, திங்கள்கிழமை, அந்தப் பெண் பாலிதீன் உறையில் பத்திரத்தோடு ரைட்டரம்மாவின் அறைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் தட்டுவதை நிறுத்தினால்தான் அவர் பேசியது கேட்டது.

“கெணத்துக்குப் போற வழியில மூத்தாரு கல்லுக்கால் ஊனிட்டாருங்க.” மூத்தார் என்றால் கணவரின் அண்ணன், கல்லுக்கால் வேலிக்கு நடும் கல்தூண். “கேட்டா, பத்திரத்துல திட்டு வரைக்குந்தான் ஒனக்குன்னு போட்டிருக்காம். வெங்காயம் காயுது. நீங்கதான எழுதுனீங்க?”

“நீங்க சொன்னதத்தானம்மா எழுதியிருப்பேன்.”

“நான் எங்கங்க பேசுனேன். அன்னைக்கு நான் வாசப்படிக்கு வெளியில நின்னேன். உள்ள இருந்தது நீங்களும் அவருந்தான். கூப்பிட்டு ரேகை வெக்கச் சொன்னீங்க, வெச்சேன்.”

ரைட்டரம்மா பத்திரத்தை வாங்கிப் படித்தார். பிறகு தாய்ப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தார். பிறகு தடுப்புக்கு மேலாக அவர் தலை தெரிந்தது. “தம்பி, வண்டி இருக்கா?”

அதுதான் அவர் முதல்முறையாக ஒரு நிலத்தைப் போய்ப் பார்த்தது. அந்தப் பெண் பஸ்ஸில் வந்து சேரும்வரை வேப்பந்தட்டையில் காத்திருந்து, மூவருமாக நடந்தோம். நிலத்தில் இரண்டு உயரங்கள் இருந்தன. முதலில் வந்தது, கிணறு வெட்டிய காலத்தில் அள்ளிப் போட்ட மண் குவிந்து, மழையில் இறுகி, மேலே ஆவாரஞ்செடி முளைத்த ஒரு திட்டு. அதைத் தாண்டி மேற்கே என் காலடியில் எழுபத்திரண்டு எட்டு வைத்தால் கரடு. கறுத்த கற்கள் தோளோடு தோள் உரசி நிற்கிற, இரண்டு ஆள் உயரச் சிறு குன்று. இரண்டுக்கும் நடுவில் கிணறு. மூத்தாரின் கல்லுக்கால்கள் திட்டின் ஓரமாக வரிசையாக நின்றன.

ரைட்டரம்மா திட்டின் மேல் ஏறி நின்றார். பிறகு கல்லுக்கால்களுக்கு நடுவே நுழைந்து, கிணற்றைச் சுற்றிக்கொண்டு போய்க் கரட்டின் மேல் ஏறினார். ஏன் மிதித்தார் என்று தெரியாது, குதிகாலால் ஓங்கி ஒரு மிதி. கால் சுளுக்கி இரண்டு வாரம் நொண்டினார். திரும்பும்போது அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது மட்டும்தான்: “எங்க ஊர்ல இது ரெண்டுக்கும் ஒரே பேருதாம்மா.”

தவற்றைச் சரிசெய்யப் பிழைதிருத்தல் பத்திரம் போடலாம். ஆனால் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். மூத்தார் வரமாட்டேன் என்றார். ரைட்டரம்மாவே இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனார். இரண்டாம் முறை அவர் மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, “நீங்க எழுதுனத நீங்களே தப்புன்னா, நாளைக்கு ஒங்ககிட்ட யாரும்மா எழுத வருவா?” என்று கேட்டாராம். வழக்கு முன்சீப் கோர்ட்டுக்குப் போனது.

வழக்கின் முடிச்சு ஒன்றே ஒன்று. அன்று அறைக்குள் மூத்தார் என்ன சொன்னார்? அவர் திட்டு என்று சொல்லி, அதைக் கேட்டு எழுதி, அந்தப் பெண்ணும் ரேகை வைத்திருந்தால், அதுதான் உடன்பாடு. கிணறு போய்விடும். அவர் கரடு என்று சொல்லி, எழுதியவர் மாற்றியிருந்தால், அது எழுத்துப் பிழை. நீதிமன்றம் திருத்தலாம். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் மூத்தாரின் ஆட்கள். அவர்கள் திட்டு என்றே கேட்டதாகச் சொன்னார்கள். ஆக, மிச்சம் இருந்தது எழுதியவரின் வாய்ச்சொல்.

புங்கமரத்தடி முழுவதும் அவருக்கு ஒரே புத்தியைத்தான் சொன்னது. எல்லோரிலும் மூத்த எழுத்தர் ஒருநாள் அவர் அறைக்கே வந்து உட்கார்ந்தார்.

“இந்தாம்மா. கட்சிக்காரர் சொன்னபடி எழுதினேன்னு கூண்டுல சொல்லு. இந்த ஒத்த வரி போதும். நாப்பது வருசமா நம்ம தொழில் இந்த வரிமேலதான் நிக்கிது.”

“கெணறு போயிருமேண்ணே.”

“ஒன் உரிமம் போச்சுன்னா ஒனக்கு எந்தக் கெணறு?”

“யோசிக்கிறேண்ணே.”

“யோசிக்கறதுக்கு என்ன இருக்கு?”

“அதத்தான் யோசிக்கிறேன்.”

வழக்கு நான்கு ஆண்டுகள் வாய்தா வாங்கியது. அந்த நான்கு ஆண்டுகளில்தான் அவர் கட்சிக்காரர்களை வெயிலில் நடத்தி, குதிகாலால் மிதித்து, அதன்பிறகே எழுதினார். தொழில் குறைந்தது. அவசரக்காரர்கள் மரத்தடிக்குப் போனார்கள். தாய்ப் பத்திரத்துச் சொல் எவ்வளவு பழையதானாலும் அப்படியே எழுதினார். ‘ஷை’ திரும்பி வந்தது. நான் ஒருமுறை சிரித்தபோது, “அடிங்க தம்பி, இருக்கறத இருக்கறபடி அடிங்க,” என்றார். அந்தச் சில ஆண்டுகளில் அவர் எழுதிய எல்லைகள் குறித்து ஒரு தகராறும் வந்ததாக என் குறிப்புகளில் இல்லை.

2001 ஆகஸ்ட் 22, புதன்கிழமை, அவர் கூண்டில் ஏறினார். அந்த ஆண்டு அரியலூர் தனி மாவட்டமாக இருந்தது. பஸ்ஸில் போகும்போது, “எம் பொறந்த ஊரு இப்ப வேற மாவட்டம் தம்பி, அந்நியக்காரி சாட்சி செல்லுமா?” என்று கேட்டார். அன்று அவர் பேசிய ஒரே வேடிக்கை அதுதான். நான் பின்வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். கோர்ட்டின் தாளில் சுருக்கம்தான் ஏறும். என் நோட்டில் இருப்பது பேசியபடி.

“எல்லையப் பத்தி அவர் என்ன சொன்னார்?” என்று அந்தப் பெண்ணின் வக்கீல் கேட்டார்.

“கரடு வரைக்கும்னு சொன்னாருங்க.”

“நீங்க என்ன எழுதினீங்க?”

“திட்டுன்னு எழுதினேன். அது என் வார்த்தை. எங்க ஊர்ப் பேச்சு.”

மூத்தாரின் வக்கீல் எழுந்தார். “தாய்ப் பத்திரத்தப் படிச்சீங்களா?”

“படிச்சேங்க.”

“அதுல கரடுன்னு இருந்தது தெரியும். கட்சிக்காரரும் கரடுன்னார்னு நீங்களே சொல்றீங்க. அப்பவும் மாத்தி எழுதினீங்க.”

“ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சேங்க.”

“எடத்தப் போய்ப் பார்த்தீங்களா?”

“இல்லைங்க.”

“பார்க்காம எழுதறதுதான் ஒங்க வழக்கமா?”

“அப்ப அதான் வழக்கம்.”

வக்கீல் மேசையில் இருந்த தாளைப் பார்த்தார். அவர் கேட்க வேண்டியது வேறு இருந்திருக்கும். ஆனால் தன்மீது விழுகிற ஒவ்வொரு அடிக்கும் ஆமாம் என்று நிற்கிற சாட்சியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மூத்தார் எனக்கு முன்வரிசையில் இருந்தார். அவர் முகத்தை நான் பார்க்க முடியவில்லை, கழுத்தைத்தான் பார்த்தேன். அது அசையவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. சன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கேட்டே விடுவது என்று கேட்டேன்.

“அக்கா, அன்னைக்கு அவர் நெசமா என்ன சொன்னார்?”

கண்ணைத் திறக்கவில்லை. “தாய்ப் பத்திரத்துல என்ன போட்டிருந்துச்சு?”

“கரடு.”

“அப்பறம் என்ன?”

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சாட்சியத்தின் நகலோடு மூத்தார் தரப்பு பதிவுத்துறை மேலிடத்துக்கு மனுக் கொடுத்தது. ரைட்டரம்மாவே ஒப்புக்கொண்ட கவனக்குறைவு என்பதால் விசாரணை நீளவில்லை. உரிமம் ஓராண்டு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்க விண்ணப்பப் படிவத்தை நானே வாங்கிவந்து கொடுத்தேன். பெற்றுக்கொண்டார், நிரப்பவில்லை. 2003இல் தீர்ப்பு வந்தது. எல்லை ‘மேற்கே கரடு’ என்று திருத்தப்பட்டது, கல்லுக்கால்கள் பிடுங்கப்பட்டன. அந்தப் பெண் ஒரு கோணிப்பை நிறையச் சின்ன வெங்காயத்தை ஆளிடம் தூக்கிவரச் செய்து அறை வாசலில் இறக்கினார். ரைட்டரம்மா இரண்டு கையளவு எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டு, மீதியை மரத்தடிக்கு அனுப்பினார். எட்டு எழுத்தர்களும் பங்கு போட்டு எடுத்துப் போனார்கள்.

2004இல் அறையைக் காலி செய்துவிட்டுப் பிறந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். விலாசம் கொடுத்தார். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை.

2006 டிசம்பரில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மூத்தாரைப் பார்த்தேன். வயதாகியிருந்தது, என்னை அடையாளம் கண்டு டீ வாங்கித் தந்தார். தம்பி மனைவியோடு பேச்சு வந்துவிட்டது, அந்தக் கிணற்றிலிருந்தே தானும் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பதாகச் சொன்னார். நான் அதே கேள்வியை அவரிடம் கேட்டேன்.

“நான் என்ன சொன்னேன்னு அந்தம்மாவே கோர்ட்ல சொல்லிருச்சே,” என்றார். “அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது.” தம்ளரைக் கீழே வைத்துவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

இனி நான் மட்டும் அறிந்த ஒன்று. 1996இல் தடுப்புக்கு மேலாக வந்த வரைவில், அந்த வரியில் ஓர் அடித்தல் இருந்தது. ‘மேற்கே கரடு’ என்று முதலில் எழுதி, கரடு என்பதைக் கோடிட்டு அடித்து, அதன் தலைமேல் திட்டு என்று எழுதியிருந்தார். பத்திரத்தின் அடியில் தட்டச்சு செய்தவர் என்று என் பெயரும் இருந்ததால் என்னைச் சாட்சியாகக் கூப்பிடலாமா என்று அந்தப் பெண்ணின் வக்கீல் ஒருமுறை கேட்டார். ரைட்டரம்மா, “தம்பி வேணாம்” என்றார். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் நிற்கவும் இல்லை.

அந்த அடித்தல் இரண்டு விதமாக நடந்திருக்கலாம். மூத்தார் கரடு என்று சொல்ல, எழுதிவிட்டு, தன் ஊர்ச் சொல் தெளிவானது என்று எண்ணி ரைட்டரம்மாவே மாற்றியிருக்கலாம். அப்படியானால் கூண்டில் சொன்னது உண்மை. அல்லது தாய்ப் பத்திரத்தைப் பார்த்து அவர் கரடு என்று எழுத, எதிரே இருந்தவர் “கரடு இல்லைங்க, திட்டு வரைக்குந்தான்” என்று சொல்லி அடிக்க வைத்திருக்கலாம். அப்படியானால் ரைட்டரம்மா தன் உரிமத்தைக் கொடுத்து ஒரு பொய் சொன்னார், அதனால் ஒரு பெண்ணின் வெங்காயம் பிழைத்தது. வரைவுத்தாள்களின் மறுபக்கத்தில் மாணவர்கள் தட்டச்சுப் பயிற்சி செய்வார்கள், பிறகு அவை எடைக்குப் போகும். அந்தத் தாளும் அப்படியே போயிற்று. 2007 நவம்பரில், இடையில் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டிருந்த அரியலூர் மறுபடி தனி மாவட்டமான சில நாட்களில் திருமானூர் வரை போய் விசாரித்தேன். கொடுத்த விலாசத்தில் வேறு குடும்பம் இருந்தது. ஆகவே கரடு என்ற சொல்லை அன்று அடிக்க வைத்தது யார் என்பது, இதை எழுதும் இன்றுவரை, சரிபார்க்கப்படவில்லை.